பெய்யம்மா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயணத்தில் கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? என் சுண்டெலி என்ன செய்கிறாள்? நான் வண்டி ஏறும்போது உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவேண்டாம் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. கண் விழித்து ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன்.

இந்த இடம் முன்பு மாவு மில்லாக இருந்ததாம். சுவர் இடுக்கில் இன்னும் மாவு இருக்கிறது. ஃபேன் போட்டால் தும்மல் வருகிறது. கலைஞர்கள் ஆறு பேர், ஆளுக்கு ஓர் அறை. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் காசு கிடையாது. பதிலுக்கு ஒவ்வொருவரும் புதிதாக ஒரு படைப்பைச் செய்து டிசம்பரில் மக்களுக்குக் காட்டவேண்டும். 'தங்கிப் படைக்கும் திட்டம்' என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். தங்குவது ஜோராக நடக்கிறது, படைப்பதுதான் இன்னும் தொடங்கவில்லை.

பக்கத்து அறையில் களிமண் சிற்பி ஒருவர். முழங்கை வரை சேறு பூசிக்கொண்டே திரிகிறார். "உங்க சாமான் எல்லாம் எங்க?" என்று கேட்டார். எனக்குச் சத்தம்தான் சாமான் என்று சொல்லி மைக்கையும் ஹெட்ஃபோனையும் காட்டினேன். பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்திருப்பார்.

குழந்தையை அழைத்து வரலாமா என்று மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். பொறுப்பாளர் அம்மா தன்மையாகத்தான் பேசினார், ஆனாலும் முடியாது என்றால் முடியாதுதான். அவள் அப்பா எங்களைக் கைகழுவிவிட்டுப் போனபிறகு எனக்கென்று வந்த முதல் வாய்ப்பு இது. இதைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீ மட்டும் "நான் பாத்துக்கறேன், போ" என்று சொல்லியிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் தங்கை


ஜூன் 24

என் காதுக்காரித் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

இங்கே மூவரும் சௌக்கியம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தலையணை வேண்டாம்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இந்தப் போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டதும் சுண்டெலி போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், நீ அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பதுபோல. அப்புறம் கதவைப் போய்த் தட்டுகிறாள். நீ வைத்துவிட்டுப் போய்விடுகிறாய். அதற்குப் பிறகு அவள் சோற்றைத் தொடுவதில்லை. உன் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட பத்துப் பேரைச் சமாதானம் செய்யத் தெரியும், இவளிடம் பாச்சா பலிக்கவில்லை. நேற்று அவரும் சேர்ந்து அழுதுவிட்டார். வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்.

கடிதம் எழுது. நான் படித்துக் காட்டுகிறேன். கொஞ்ச நாள் போனால் அடங்கிவிடுவாள்.

காலையில் அவர் பார்த்துக்கொள்கிறார். மதியம் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்துவிடுகிறேன். ஒருநாள் கடைக்கே கூட்டிப் போனேன். பெரிய ஃப்ரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "இது யாரு?" என்று கேட்டாள். முதலாளி சிரித்துச் சிரித்து, வாங்க வந்தவரையே மறந்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. நீ சொல்வதுதான் சரி. போன் செய்யமாட்டேன். அவளுக்கு ஜலதோஷம் கிலதோஷம் இல்லையே? அத்தான் நலமா?

ஒரு நல்ல செய்தி. என் படைப்பு பிடிபட்டுவிட்டது. மில்லின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத கிடங்கு ஒன்று இருக்கிறது. அதை இருட்டாக்கி, வெவ்வேறு உயரத்தில் ஸ்பீக்கர்களைத் தொங்கவிடப் போகிறேன். ஒவ்வொன்றிலும் யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். சமையற்காரம்மா தன் மகனைக் கூப்பிடுவதைப் பதிவு செய்துவிட்டேன், காவலாளி தன் நாயைக் கூப்பிடுவதையும். கூப்பிட்டால் எப்படியும் ஒரு பதில் வருமில்லையா, "என்னம்மா"வோ ஒரு குரைப்போ, அதையெல்லாம் வெட்டிவிடுவேன். கூப்பிடும் குரல் மட்டும்தான். உள்ளே வருகிறவர்களுக்குத் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றவேண்டும். களிமண்காரரிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். அதுவே பெரிய மரியாதை.

நடு ஸ்பீக்கர் சுண்டெலிக்கு. அவள் "அம்மா" என்று கூப்பிடவேண்டும். இத்துடன் ஒரு சின்ன ரெக்கார்டர் அனுப்பியிருக்கிறேன். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அப்படியே பக்கத்தில் வைத்துவிடு. சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைக்காதே, தானாக வரவேண்டும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கையெழுத்தைப் பார்த்தால் பட்டினி கிடந்தவள் எழுதியதுபோல இருக்கிறது.

நீ சொன்னபடி பதிவு செய்து ரெக்கார்டரின் மெமரி கார்டை அனுப்பியிருக்கிறேன். சுண்டெலிக்கு அந்தச் சிவப்பு விளக்கின்மேல் கொள்ளை ஆசை. எரியவிட்டுக் கையில் கொடுத்தால்தான் பால் உள்ளே இறங்குகிறது. குளியலறை, மாடிப்படி, மூலைக்கடை, எல்லாம் அதில் இருக்கும். உன் அத்தான் பாடியதும் இருக்கும், அதை முதலில் வெட்டு.

என்னைக் கூப்பிடுவதைக் கேட்டால் சிரிப்பாய். "பெரியம்மா" வாயில் நுழையவில்லை. "பெய்யம்மா" என்கிறாள். மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று உன் அத்தான் கிண்டல் செய்கிறார். ஒருநாளைக்கு நூறு பெய்யம்மா. காது வலிக்கிறது, ஆனால் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள். போனை நிறுத்தியது நல்லதாயிற்று.

அக்கா


ஆகஸ்ட் 15

அக்கா,

நலமாக இருக்கிறேன். கார்டு வந்தது. முழுக்கக் கேட்டேன், ஒரு வினாடி விடாமல். எவ்வளவு பேசுகிறாள்! படியில் ஏறும்போது மூச்சு வாங்குவது, தண்ணீரைக் கையால் அடிப்பது, அத்தானை என்னைப்போலவே "தான் தான்" என்று அதட்டுவது, எல்லாவற்றையும் கேட்டு நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு "அம்மா" கூட இல்லை.

அவள் என்னைத் தேடுவதே இல்லையா? விழுந்தால், பயந்தால், தூக்கம் கலைந்தால் யாரைக் கூப்பிடுகிறாள்? என் படத்தைக் காட்டுகிறாயா? படைப்புக்காக மட்டும் கேட்கவில்லை, அது உனக்கே தெரியும். மறைக்காமல் எழுது.

அத்தானுக்கு என் அன்பு.

தங்கை


செப்டம்பர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சுண்டெலிக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. நீ பயப்படவேண்டாம், இப்போது பழையபடி வால்தனம்தான். டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். உன் வேலை கெடும் என்று அப்போது எழுதவில்லை.

நீ கேட்டது இந்தக் கார்டில் இருக்கிறது. காய்ச்சலில் படுத்திருந்த மதியம், விளக்கு எரியவேண்டும் என்று ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினாள். தூக்கத்திலிருந்து விழித்துக் கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா


செப்டம்பர் 28

என் தங்க அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நூறாண்டு இருக்கவேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லாததற்கு உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

கேட்டேன் அக்கா. முதலில் ஒரு சிணுங்கல். அப்புறம் "அம்மா". கொஞ்சம் காத்திருக்கிறாள். மறுபடி, இழுத்து, "அம்மா...ஆ". இரண்டாவதில் குரல் உடைகிறது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஓவென்று அழுதேன். சத்தம் கேட்டுக் களிமண்காரர் ஓடி வந்தார். ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்தேன். காது முழுக்கச் சேறாக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, என் தலையைத் தடவினார். என் தலையும் சேறாயிற்று.

காய்ச்சலில் என்னைத்தான் தேடியிருக்கிறாள். மறக்கவில்லை. நான் இத்தனை நாள் என்னென்னவோ நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன், உன்னைப் பற்றிக்கூடத் தப்பாக நினைத்தேன். அதெல்லாம் போகட்டும். பொறுப்பாளர் அம்மா கேட்டுவிட்டு, இந்தக் கண்காட்சிக்கே இதுதான் உயிர் என்றார்.

இனி மற்றக் குரல்களை வெட்டி ஒழுங்குசெய்யும் வேலை. இவளுடையதைக் கடைசியில் தொடுவேன். சுண்டெலிக்கு ஆயிரம் முத்தம். அம்மா கொடுத்தாள் என்று சொல்லிக் கொடு.

உன் தங்கை


நவம்பர் 3

அன்புள்ள கொழுந்தியாளுக்கு அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் நலம். உன் நலம் அறியக் காத்திருக்கிறோம். நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கம்பெனிக்கு 'லிஃப்ட் சரிசெய்யப்பட்டது' என்று எழுதுவதுடன் என் எழுத்து முடிந்துவிடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. உன் அக்காதான் பதில் போடவில்லை. கையில் சுளுக்கு என்று எழுதச் சொன்னாள். சுளுக்கு ஒன்றுமில்லை. தாளை எடுத்து 'அன்புள்ள' என்று எழுதுகிறாள், வைத்துவிடுகிறாள். போன மாதம் கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டாள். முழுநேரமும் குழந்தையோடுதான். வீட்டில் சிரிப்புச் சத்தத்துக்குக் குறைவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சத்தம் இந்த வீட்டில் கேட்டதில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ எந்தத் தேதி வருகிறாய் என்று தெளிவாக ஒரு வரி எழுது. இதையெல்லாம் நான் எழுதியது அவளுக்குத் தெரியவேண்டாம்.

அத்தான்


நவம்பர் 12

அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

நேற்று அவளுடைய பதிவை வெட்ட உட்கார்ந்தேன். இத்தனை நாளும் இரண்டாவது "அம்மா"வோடு நிறுத்திவிடுவேன், அதற்குமேல் கேட்க நெஞ்சு தாங்காது. வெட்டவேண்டுமென்றால் முடிவுவரை கேட்டாகவேண்டும். கேட்டேன்.

கதவு திறக்கிறது. செருப்பில்லாத கால் வேகமாக வருகிறது. உன் நடை எனக்குத் தெரியாதா? அப்புறம் உன் குரல்.

"என்னடா தங்கம், அம்மா இங்கதான் இருக்கேன். அம்மா எங்கயும் போகல."

உடனே அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கூப்பிட்ட ஆள் வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. நான் ஊரையெல்லாம் கூட்டிக் கேட்க வைத்து அழுதிருக்கிறேன். உனக்குத் தெரிந்தே இதை எனக்கு அனுப்பினாயா?

தங்கை


நவம்பர் 21

தங்கச்சி,

சுண்டெலி நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

தெரிந்துதான் அனுப்பினேன். கூப்பிடுவதை மட்டும் வைத்துக்கொண்டு பதிலை வெட்டிவிடுவேன் என்று நீதானே எழுதியிருந்தாய். வெட்டிவிடுவாய், அதோடு போயிற்று என்று இருந்துவிட்டேன். வெட்டுகிறவள் கேட்டுத்தான் வெட்டுவாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. நீ கேட்டு வாங்கிய ஒன்று என்னிடம் இருந்தது, இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் யோசி. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அம்மா என்கிறது ஒரு குழந்தை. நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "நான் உன் அம்மா இல்ல, அவ டிசம்பர்ல வருவா, அதுவரைக்கும் பொறு" என்றா?

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பெய்யம்மா முதலில் யம்மா ஆயிற்று. முன்னால் இருந்த எழுத்து எந்த நாளில் உதிர்ந்தது என்று எனக்கே தெரியாது. பல் விழுந்ததைக் குழந்தை கவனிக்காமல் விளையாடிக்கொண்டிருக்குமே, அப்படித்தான் போயிற்று. முதல் தடவை அவள் முழுசாக அம்மா என்றபோது நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஒரு நாள் கேட்டுக்கொள்வோம், நாளைக்குத் திருத்துவோம் என்று இருந்தேன். நாளை வந்ததும் நாளைக்கு என்றேன். என்னை வேறு யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்?

உன் படத்தைத் தினமும் காட்டுகிறேன். அது சத்தியம்.

அக்கா


டிசம்பர் 10

அக்காவுக்கு,

நலம். அத்தானும் நீயும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கண்காட்சி தொடங்கிவிட்டது. உன் குரலை வெட்டிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. கூப்பிடுவது மட்டும் இருக்கிறது. கூட்டம் நிறைய வருகிறது. நடு ஸ்பீக்கருக்குக் கீழே வந்து நின்றுவிடுகிறார்கள். நேற்று ஒரு அம்மாள் தன்னை மறந்து, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இருட்டில் சுற்றுமுற்றும் பார்த்து வெட்கப்பட்டார். எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். ஒயரைச் சரிசெய்கிற சாக்கில் நான் நகர்ந்துவிடுகிறேன். களிமண்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் அந்த அறைப் பக்கமே வருவதில்லை.

இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். முடியாது என்றுவிட்டேன்.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் உன்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. வேலையை நீ விட்டுவிட்டதாகத் தெரியவந்தது. யார் சொன்னது என்று கேட்காதே.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன். வந்ததும் அவளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்குப் போய்விடுவேன். தள்ளிப்போட்டால் என்னால் முடியாமல் போய்விடும். ஒன்றே ஒன்று செய். நான் வாசலில் வந்து நிற்கும்போது அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டால் என்னால் தாங்க முடியாது. அதற்குள் பழையபடி பெரியம்மா என்று கூப்பிடப் பழக்கிவிடு. உன்னைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது.

தங்கை


டிசம்பர் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ பத்திரமாக வந்து சேரவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், உனக்குப் பிழைப்பே அதுதான். குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். செருப்பு சிறிதாகிவிட்டது, புதிது வாங்கவேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே தொடங்கிவிட்டேன். உன் படத்தைக் கையில் கொடுத்து, "இதுதான் அம்மா. நான் பெரியம்மா. எங்க, சொல்லு" என்றேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே என் மூக்கைத் தொட்டு "அம்மா" என்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி மூக்கைத் தொட்டாள். அன்று சாயங்காலம்வரை அந்த விளையாட்டு நடந்தது. கடைசியில் என்னால் முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

சொன்னால் புரியாது, பழக்கத்தில்தான் வரும் என்று தோன்றியது. அதனால் அவள் அம்மா என்றால் நான் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெரியம்மா என்றால் மட்டும் திரும்பவேண்டும். முதல் நாள் சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றேன். மறுபடி கூப்பிட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் பக்கத்தில் வந்து, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன். உன் அத்தான் பார்த்துவிட்டு, "உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையா" என்று கேட்டார். அவர் என்னை அப்படி ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை. தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் "அப்ப நீ யாரு?" என்று கேட்டாள். பெரியம்மா என்றேன். போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நீ கேட்டது நடந்துவிட்டது. இப்போது அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. பெரியம்மா என்றும் கூப்பிடுவதில்லை. யாரையும் கூப்பிடுவதில்லை. பசித்தால் வந்து பக்கத்தில் நிற்கிறாள். நேற்று கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். உதட்டில் இரத்தம். சத்தமே இல்லை. தற்செயலாக அந்தப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரி எடுத்து, "அம்மான்னே கூப்பிடுடா, பரவால்ல, கூப்பிடு" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். என் வாயையே பார்க்கிறாள்.

இருபத்தெட்டு வேண்டாம். இதைப் பார்த்த உடனே கிளம்பி வா.

அக்கா